தட்டும் தாளும்: கிழக்கில் பழைய இசைத்தட்டும் அரசியல் வரலாற்றுப் புத்தகமும் வாங்க இறங்குகிறவர்களுக்கு

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இறங்கி, "பழைய றெக்கோட் விக்கிற கடை எங்க?" என்று கேட்டால் பழைய இரும்புக் கடைக்குத்தான் வழி காட்டுவார்கள். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் அதே கதைதான். கொழும்பு மருதானையில் டி.ஆர். விஜேவர்தன மாவத்தை ஓரம் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருப்பதுபோல இங்கே ஒரு தெரு கிடையாது. ஆனால் பொருள் இருக்கிறது. அலுமாரியின் மேல்தட்டில், நெல் மூட்டைக்குப் பின்னால், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரின் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. இங்கே வாங்குவது என்றால் முதலில் மனிதர்களைத் தேடுவது. பொருள் அதற்குப் பின்னால் வரும்.

மிஞ்சியது ஏன் இவ்வளவு குறைவு என்று விளங்கினால் எங்கே தேடுவது என்பதும் விளங்கும். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி கூரைகளைக் கழற்றிக்கொண்டு போனது. புத்தக அலுமாரி இருந்த வீடுகளில் விடிந்தபோது கிடந்தது காகிதக் கூழ். பிறகு யுத்தம். ஊரே எழும்பி ஓடிய நாட்களில் சட்டிபானையைத் தூக்கியவர்கள் எல்.பி. எனும் பெரிய இசைத்தட்டைத் தூக்கவில்லை. அரசியல் புத்தகம் வீட்டில் இருப்பதே ஆபத்து என்று கிணற்றில் போட்டவர்களும், அடுப்பில் வைத்தவர்களும், வளவில் புதைத்தவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தது. நாவலடி, கல்லடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுக்க உப்புத் தண்ணீர் போகாத அலுமாரி குறைவு.

ஆகவே எழுவான்கரையில் (வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பக்கம்) கடற்கரை வீதிக்கு மேற்கே, சற்று உள்ளே தள்ளி இருக்கும் பழைய கல்வீடுகளைக் கேளுங்கள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையைக் கடல் தொடவில்லை. ஆனால் இடப்பெயர்வு தொட்டது. அங்கே பழைய புத்தகம் கிடைத்தால் அநேகமாக அது ஓர் ஆசிரியர் வீட்டில் அல்லது கோயில் நிர்வாகத்தில் இருந்தவர் வீட்டில் கிடைக்கும்.

யாரிடம் கேட்பது

இசைத்தட்டுக்கு முதல் ஆள் ஒலிபெருக்கிக்காரர். கோயில் திருவிழா, கலியாணம், கந்தூரி, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டிய குடும்பங்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. கசெற் (ஒலிநாடா) வந்ததும் தட்டுகளைப் பெட்டியில் போட்டு மூடினார்கள்; சிலர் இன்னும் திறக்கவில்லை. அவர்களிடம் தொகை நிறைய இருக்கும், தரம் குறைவாக இருக்கும். ஒரே பக்தித் தட்டை இருபது வருடத் திருவிழாவில் ஓடவிட்டால் ஊசி ஓடும் பள்ளம் தேய்ந்து சாம்பல் நிறமாகிவிடும். ஒலிபெருக்கிக்காரரிடம் வாங்கும்போது பிரபலமான பாட்டுகளை விடுங்கள். திருவிழாவுக்கு உதவாத தட்டுகளைக் கிளறுங்கள். பேச்சு, நாடகம், படவசனம், கர்நாடகக் கச்சேரி போன்றவை அதிகம் ஓடாமல் நல்ல நிலையில் இருக்கும்.

அடுத்தது பறங்கியர் வீடுகள். மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்கள் பல அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டன. போகும்போது பாரமான பெட்டியை உறவினரிடம் விட்டுப்போனார்கள். இந்தப் பெட்டிகளில் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் இல்லாமல் இருந்தால் எனக்கு ஆச்சரியம்தான். ஆங்கில எல்.பி. தேடுகிறவர் அங்கே பேச்சுக் கொடுக்கலாம்.

புத்தகத்துக்கு, பழைய பேப்பரும் போத்தலும் வாங்கித் திரிகிறவர்களைப் பிடியுங்கள். அவர்கள் கிலோக் கணக்கில் வாங்கி மொத்தக் கடைக்குக் கொடுப்பவர்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, "அச்சுப் புத்தகம், மலர், பழைய வர்த்தமானி எது வந்தாலும் கட்டு அவிழ்க்க முந்திச் சொல்லுங்க" என்று சொல்லி வையுங்கள். கிலோ விலையைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் மறக்கமாட்டார்கள். இன்னொரு இடம், யாரும் நினைக்காத இடம், பழைய அச்சகங்கள். கட்சிக்கும் கோயிலுக்கும் பாடசாலைக்கும் அச்சடித்துக் கொடுத்த மலர்களில் எடுக்கப்படாமல் மிஞ்சிய பிரதிகள் அங்கே கட்டோடு கிடக்கும்.

நேரமும் முக்கியம். தைப்பொங்கலுக்கு முன்னும் நோன்புக்கு முன்னும் வீடு துப்புரவாக்கி வெள்ளையடிப்பார்கள். அப்போதுதான் மேல்தட்டுச் சாமான் கீழே இறங்கும். கார்த்திகை, மார்கழி மாரியில் வாங்காதீர்கள். எல்லாமே ஈரமாக இருக்கும்; எது பழைய ஈரம், எது இன்றைய ஈரம் என்று பிரித்தறிய முடியாது.

தட்டைக் கையில் எடுத்தால்

முதலில் இனம் பிரிக்க வேண்டும். பாரமாக, கெட்டியாக, விழுந்தால் கண்ணாடிபோல உடைவது 78 சுற்றுத் தட்டு. அது அரக்கு கலந்து செய்தது. பெரும்பாலும் பத்து அங்குலம், ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூட. வளைந்து கொடுப்பது வைனில் என்ற பிளாஸ்டிக் தட்டு: ஏழு அங்குல இ.பி. 45 சுற்று, பன்னிரண்டு அங்குல எல்.பி. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். எல்.பி. 1948இல் அமெரிக்காவில் வந்தது. ஆனால் இந்தியாவில் 78 சுற்றுத் தட்டுகள் 1960களிலும் வந்துகொண்டிருந்தன. அதனால் 78 என்றாலே வெள்ளைக்காரன் காலம் என்று விற்கிறவர் சொன்னால் தலையாட்டிவிட்டு லேபிளைப் பாருங்கள். தமிழ்த் தட்டுகளில் பெரும்பகுதி கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சாகி எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் போன்ற பெயர்களில் வந்தவை.

அடுத்தது வெளிச்சம். விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டு, தட்டை முற்றத்து வெயில் பக்கம் சரித்துப் பிடியுங்கள். கடையின் மங்கிய குழல் விளக்கில் எல்லாத் தட்டும் புதிதாகத்தான் தெரியும். மெல்லிய முடிக்கோடுகள் பெரும்பாலும் கேட்காது. நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டும்போது தடக்குகிற கீறல் 'டிக் டிக்' என்று கேட்கும், சில இடத்தில் ஊசி தாவும். கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்தது. அதைக் கழுவித் திருத்த முடியாது. பூஞ்சணம் வேறு, அது வெள்ளைப் புள்ளியாக, கிளை விட்டுப் பரவியிருக்கும், அநேகமாகக் கழுவினால் போகும். இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் மற்றவர் ஒதுக்கிய பெட்டியில் நல்ல தட்டு எடுக்கலாம்.

நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் கோடு கோடாகச் சுரண்டல் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டை வைக்கிறபோது கம்பியைத் தேடித் தடவிய அடையாளம் அது. நிறைய இருந்தால் நிறைய ஓடியிருக்கிறது. பிறகு தட்டைக் கண் மட்டத்தில் படுக்கையாகப் பிடித்து நெளிவு பார்க்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே பெட்டியில் அடுக்கிக் கிடந்த வைனில் இங்கே நெளியாமல் இருப்பது அருமை. சிறு அலை ஓடும். விளிம்பு தூக்கி நிற்பது ஓடாது. கண்ணாடிக்கு நடுவில் வைத்து வெயிலில் நிமிர்த்தலாம் என்று யாராவது சொல்லித் தருவார்கள். செய்யாதீர்கள், பள்ளமும் சேர்ந்து போய்விடும்.

உறைக்குள் இருப்பது உறையில் எழுதியதுதானா என்பதை இரண்டு பக்க லேபிளையும் வாசித்து உறுதி செய்யுங்கள். ஒலிபெருக்கிக்காரர் இருட்டில் தட்டு மாற்றுகிறவர். கைக்கு வந்த உறைக்குள் செருகியிருப்பார். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் வரும் வெற்று வளையத்தில் குத்தியிருக்கும் இலக்கத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். லேபிள் கிழிந்துபோனாலும் தட்டு எதுவென்று அந்த இலக்கம் சொல்லும்.

அரசியல் தட்டு என்று ஒன்று உண்டா

உண்டு. 1930களில் கதரும் காங்கிரசும் பாடிய 78 சுற்றுத் தட்டுகள் தமிழ்நாட்டில் வந்தன; கே.பி. சுந்தராம்பாள் அந்தக் காலத்துக் குரல். பாரதி பாடல்களின் உரிமை ஒரு காலத்தில் இசைத்தட்டு வியாபாரத்தோடு கட்டுண்டு ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்து, 1949இல் சென்னை மாகாண அரசின் கைக்கு வந்தது. ஆகவே சுதந்திரத்துக்கு முந்திய பாரதி தட்டு ஒன்று கையில் வந்தால் பாட்டோடு அந்தக் கதையையும் சேர்த்து வாங்குகிறீர்கள். நம் பக்கத்தில் அதிகம் கிடைப்பது நாகூர் ஈ.எம். ஹனிபா. காத்தான்குடி, ஏறாவூர், நிந்தவூர், அக்கரைப்பற்று என்று முஸ்லிம் ஊர்களில் அவருடைய இஸ்லாமியப் பாடல்கள் ஓடாத பெருநாள் இல்லை. அதே மனிதர்தான் தமிழ்நாட்டில் தி.மு.க. மேடைகளுக்குப் பாடியவர். பக்திப் பாட்டுப் பெட்டிக்குள் கட்சிப் பாட்டு இ.பி. ஒன்று ஒளிந்திருக்கலாம், விற்கிற காக்காவுக்கே (முஸ்லிம் அண்ணனுக்கே) தெரியாமல் இருக்கும். படவசனத் தட்டுகளையும் தள்ளிவிடாதீர்கள். மேடைப்பேச்சும் படவசனமும் ஒரே நாக்கில் பிறந்த காலம் அது.

இலங்கையின் அரசியல் பேச்சு தட்டாக எதிர்பார்த்துத் தேடினால் களைத்துப்போவீர்கள். அந்தக் குரல்கள் வானொலிக்குள்ளும் பிறகு கசெற்றுக்குள்ளும் போனவை. கசெற் கிடைத்தால் அதை வாங்கி உடனே கணினிக்கு மாற்றுங்கள்.

கேட்கிற பெட்டி

தட்டு வாங்குமுன் பிளேயர் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் பெட்டியில் 78 சுற்றுத் தட்டை மட்டும் போடுங்கள், உருக்கு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றுங்கள். எல்.பி.யை அதில் ஒருமுறை போட்டாலே தட்டு முடிந்தது. மறுபக்கம், எல்.பி. ஊசியால் 78ஐ வாசிக்கவும் கூடாது. 78இன் பள்ளம் மூன்று மடங்குக்குக் கிட்ட அகலம், அதற்கு வேறு ஊசி வேண்டும்.

இரண்டாவது, கனடாவில் இருந்து மச்சான் கொண்டுவந்த பிளேயர். அங்கே 120 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்). இங்கே 230 வோல்ட், 50 சைக்கிள். ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்கும், சைக்கிளை மாற்றாது. வீட்டு மின்சாரத்தின் சைக்கிளைப் பிடித்தே சுற்றுகிற பழைய மோட்டார் என்றால் வேகம் ஆறில் ஐந்து பங்காகிவிடும். சுந்தராம்பாள் ஆண்குரலில் பாடுவார். சின்ன அடாப்டரில் ஓடுகிற புதுப் பிளேயர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஊசி எத்தனை வருடம் பழையது என்று தெரியாவிட்டால் புது ஊசி போடும்வரை நல்ல தட்டு எதையும் அதில் வைக்காதீர்கள். பழைய அம்பிளிபயரில் போனோ என்று தனி ஓட்டை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லாமல் சாதாரண ஓட்டையில் செருகினால் சத்தம் கொசுபோலக் கேட்கும். இடையில் சத்தத்தைக் கூட்டும் சிறு பெட்டி, போனோ பிரீஅம்ப், ஒன்று வேண்டும்.

புத்தகத்தின் உடம்பு

புத்தகத்தை அட்டையைப் பார்த்து எடுக்காமல், கீழ் விளிம்பைப் பார்த்து எடுங்கள். தண்ணீர் கீழே இருந்துதான் ஏறும். அலை அலையாக நெளிந்து, பழுப்புக் கோடு போட்டிருந்தால் நனைந்தது. மழைத் தண்ணீர் பட்டதை நிழலில் காயவைத்து வைத்திருக்கலாம். கடல் தண்ணீர் பட்டது வேறு விஷயம்: தாளுக்குள் உப்பு நிற்கும், ஒவ்வொரு மாரிக்கும் அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், பக்கத்தில் உள்ள புத்தகத்தையும் கெடுக்கும். வேறெங்கும் கிடைக்காத நூல் என்றால் மட்டும் வாங்கி, படம் பிடித்துவிட்டு, தனியாக வையுங்கள். வழுவழுப்பான படத்தாள்கள் ஒட்டிப் பலகையாகியிருந்தால் பிரிக்க முயலாதீர்கள், எழுத்துத்தான் கையோடு வரும்.

முதுகைத் தட்டிப் பாருங்கள். மண் உதிர்ந்தால் கறையான். ஓட்டை வட்டமாக உள்ளே உள்ளே போனால் புழு. தாளின் மேல் மட்டும் சுரண்டியிருந்தால் வெள்ளி நிறப் பூச்சி; அது பசைக்காக வந்தது, வாசிக்கத் தடையில்லை. கடைசிப் பக்கத்தையும் படங்களையும் எண்ணிப் பாருங்கள். நம் ஊர்ப் புத்தகங்களில் முதலில் காணாமல் போவது வரைபடம், இரண்டாவது தலைவரின் படம்.

பிறகு வயது. விற்கிறவர் "இது பழைய புத்தகம் மகன், எங்கட அவர்ர காலத்துப் புத்தகம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அவருடைய 'அவர்' 2003இலும் புத்தகம் வாங்கியிருக்கலாம். தலைப்புப் பக்கத்தின் மறுபுறத்தில் பதிப்பு விபரம் கிழிந்திருந்தாலும் சில அடையாளங்கள் உதவும். ஐ.எஸ்.பி.என். இலக்கம் இருந்தால் அது 1970க்குப் பிந்தியது. அந்த இலக்கத்தில் பதின்மூன்று எண்கள் இருந்தால் 2007ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ அச்சானது. ஆங்கில முகவரியில் சிலோன் என்று இருந்தால் அநேகமாக 1972 மேக்கு முந்தியது. 'ணை', 'லை', 'னா' முதலிய எழுத்துகள் கொம்பும் சுழியுமாகப் பழைய வடிவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்நாட்டு அரசு 1978இல் புது வடிவத்தை ஏற்றது. நம் அச்சகங்கள் அதன்பின்னும் பழைய ஈய எழுத்தைக் கொண்டே ஓட்டின, ஆகவே பழைய எழுத்து என்பதால் மட்டும் பழைய புத்தகம் ஆகாது. ஆனால் 1962 என்று போட்டு உள்ளே புது எழுத்து இருந்தால் அது மறுபதிப்பு என்று நம்பலாம். பெரியாரின் பத்திரிகைகள் மட்டும் விலக்கு. அவர் முப்பதுகளிலேயே மாற்றிவிட்டார்.

தேர்தல் துண்டுப்பிரசுரங்களுக்கு வேறு அடையாளம். 'விருப்பு இலக்கம்' என்று அச்சிட்டிருந்தால் அது விகிதாசார முறைக்காலம். அந்த முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989இல் நடந்தது. 'மட்டக்களப்பு முதலாவது அங்கத்தவர்' என்று ஒருவரைக் குறிப்பிட்டால், தமிழரும் முஸ்லிமும் ஆளுக்கொருவர் வரக்கூடியதாக மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியாக இருந்த 1960க்கும் 1977 தேர்தலுக்கும் உட்பட்ட காலத்தது. வீடு தமிழரசுக் கட்சி, உதயசூரியன் தமிழர் விடுதலைக் கூட்டணி, மரம் முஸ்லிம் காங்கிரஸ். இந்தச் சின்னங்களைத் தெரிந்து வைத்திருந்தால் திகதி இல்லாத தாளையும் ஒரு பத்து வருடத்துக்குள் கொண்டுவரலாம்.

எதை வாங்குவது

புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது மூன்று பெயர்கள்: எஸ்.ஓ. கனகரத்தினம் ஆங்கிலத்தில் எழுதிய 1921ஆம் வருட மட்டக்களப்பு மாவட்ட நூல், எஃப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் (1962), வீ.சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் (1964). மூன்றும் அடிப்படை நூல்கள், சந்தேகமில்லை. ஆனால் எல்லாரும் கேட்பதால் விலை ஏறியிருக்கும். காசைக் கொடுக்குமுன் நூலகம் எண்ணிம நூலகத்தில் தேடுங்கள். 2005இல் தொடங்கிய அந்தத் தளத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. வாசிப்பதற்கு அது போதும். கையில் வைத்திருக்க ஆசை என்றால் அது வேறு, அதற்கு வேறு காசு.

என் எண்ணத்தில் கிழக்கின் அரசியல் வரலாறு பெரிய புத்தகத்தைவிட மெலிந்த தாள்களில்தான் அதிகம் இருக்கிறது. அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் கல்வெட்டை, அதாவது இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூலை, எடுத்துப் பாருங்கள். இறந்தவர் கிராமச்சபைத் தலைவராக இருந்திருப்பார்; எந்தத் தேர்தலில் யாருக்கு வேலை செய்தார், எந்தக் குளத்துக்காக யாரிடம் மனுக் கொடுத்தார் என்று உறவினர் ஒருவர் எழுதியிருப்பார். கும்பாபிஷேக மலரில் கோயில் வழக்கின் கதை இருக்கும். அந்த வழக்குக்குப் பின்னால் இரண்டு கட்சிகளின் கதை இருக்கும். பாடசாலை நூற்றாண்டு மலரில் அமைச்சரின் வாழ்த்துச் செய்தியைப் பார்த்தாலே யார் ஆட்சி, யாருக்குச் செல்வாக்கு என்று தெரியும். சாகித்திய விழா மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை, மீனவர் சங்கத்தின் யாப்பு, கரும்புத் தொழிலாளர் துண்டறிக்கை என்று எதையும் ஒதுக்காதீர்கள். இவற்றுக்கு யாரும் விலை வைப்பதில்லை. பெரிய புத்தகத்தோடு சேர்த்துச் சும்மாவே தருவார்கள். அலுமாரித் தட்டில் விரித்துக் கிடக்கும் பழைய சுதந்திரன், வீரகேசரி, தினகரன் தாளையும் கேட்டுப் பாருங்கள். புதுத் தாள் ஒன்று விரித்துக் கொடுத்தால் சந்தோசமாகத் தருவார்கள்.

அரசாங்க வெளியீடுகளில் ஹன்சாட் (பாராளுமன்ற விவாதப் பதிவு), ஆணைக்குழு அறிக்கைகள், குடிசன மதிப்பீட்டு நூல்கள் மூன்றையும் தேடுங்கள். கடைசியது இங்கே தனிப் பெறுமதி உள்ளது. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பில் இருந்து பிரிந்தது. ஆகவே 1946, 1953 மதிப்பீடுகளில் 'மட்டக்களப்பு மாவட்டம்' என்று வருவதற்குள் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், கல்லோயா எல்லாமே அடங்கும், 1963இல் அடங்காது. இது தெரியாமல் இரண்டு வருடக் கணக்கையும் நேராக ஒப்பிட்டு எழுதிய பிரசுரங்கள் எல்லாப் பக்கத்திலும் உண்டு. 1981க்குப் பிறகு மட்டக்களப்பில் முழுமையான மதிப்பீடு 2012இல்தான் நடந்தது; இடையில் வந்த எண்களில் பல ஆளாளுக்கு ஊகம். குடியேற்றம் பற்றிய எந்தப் புத்தகத்தை வாங்கினாலும் அதன் அட்டவணை எந்த வருட எல்லையைக் கொண்டது என்பதை முதலில் பாருங்கள். கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் தொடங்கியது, 1956 ஜூனில் அங்கே கலவரம் நடந்தது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அறிக்கை ஏதாவது கிடைத்தால் விலை பேசி நேரத்தை வீணாக்காமல் வாங்குங்கள்.

சோவியத் புத்தகங்கள் நிறையக் கிடைக்கும். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்கள் கட்டு இறுக்கமானவை, தாள் நல்லது, அந்தக் காலத்தில் விலை மலிவு, இன்றும் மலிவு. அவற்றை இந்த ஊரில் யார் வாசித்தார்கள் என்பதை உள்பக்கத்துக் கையெழுத்து சொல்லும். எனக்கு அந்தக் கையெழுத்துத்தான் புத்தகத்தைவிடப் பெறுமதி.

ஒரு கட்டாயம்: சண்டையும் ஒப்பந்தமும் பற்றிய நூல்களை ஒற்றையாக வாங்காமல் சோடியாக வாங்குங்கள். 1957 பண்டா-செல்வா ஒப்பந்தம் பற்றித் தமிழரசுக் கட்சி அச்சிட்டதை வாங்கினால் அதை எதிர்த்தவர்கள் அச்சிட்டதையும் தேடுங்கள். 1990இல் ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்த கொலைகளைப் பற்றி எழுதியதை வாங்கினால், அதற்கு அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர் கொல்லப்பட்டதைப் பற்றி எழுதியதையும் பக்கத்தில் வையுங்கள். ஒரு ஊர் அச்சிட்டது அடுத்த ஊர் அலுமாரியில் இருக்காது. ஆரையம்பதியில் கிடைக்காததற்கு இரண்டு கிலோமீற்றர் வடக்கே காத்தான்குடிக்குப் போனால் போதும், ஆனால் போய்க் கேட்க வேண்டும்.

விலையும் மரியாதையும்

வீட்டில் வாங்கும்போது முதலில் புத்தகத்தைப் பற்றிக் கதையுங்கள், காசைப் பற்றிப் பிறகு. வயதான அம்மா ஒருவர் "மறுகா ஒருக்கா வாங்க மகன், பிள்ளையளிட்ட கேட்டுச் சொல்றன்" என்றால் அதன் பொருள் பிறகு ஒருமுறை வருவதுதான். அந்த இடத்தில் காசை நீட்டி அவசரப்படுத்தினால் கதவு மூடிவிடும். முஸ்லிம் வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம் போகாதீர்கள். ராத்தாவிடம் வாசலில் சொல்லிவிட்டுப் பின்னேரம் வாருங்கள்.

ஒவ்வொன்றாக விலை கேட்டால் ஒவ்வொன்றும் ஏறும். பெட்டி மொத்தத்துக்கு ஒரு விலை, உங்களுக்கு வேண்டிய நாலைந்துக்கு ஒரு விலை என்று இரண்டையும் கேளுங்கள். பல தடவை இரண்டுக்கும் வித்தியாசம் சின்னது. இணையத்தில் வெளிநாட்டில் இவ்வளவு போகிறது என்று விற்கிறவர் தொலைபேசியைக் காட்டினால், கேட்கிற விலையும் விற்ற விலையும் வேறு என்று சொல்லுங்கள், அந்தத் தட்டின் நிலையையும் இதன் நிலையையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். தெரியாதவரை ஏமாற்றி அரிய பொருளைத் தேங்காய் விலைக்கு எடுக்க வேண்டாம். ஊர் சின்னது, அடுத்த வாரம் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நூலக முத்திரை இருந்தால் நீக்கப்பட்டதற்கான முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த நூலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு வாங்குவது நல்லது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபின் நம்மிடம் இருப்பதே சொற்பம், பொதுச் சொத்தைத் தனி அலுமாரிக்குள் கொண்டுபோக வேண்டாம். ஏட்டுச்சுவடி யாராவது காட்டினால் விலை பேசாமல் பல்கலைக்கழகத்தில், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ, தெரிந்த ஆசிரியரிடம் தொடர்புபடுத்திவிடுங்கள். தடைசெய்யப்பட்ட இயக்கங்களின் வெளியீடுகள் பெட்டிக்குள் வரத்தான் செய்யும். 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மறந்துவிட்டு அதை முகநூலில் படம் போட்டு விற்காதீர்கள். சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுச் செய்யுங்கள். பழைய உரிமையாளரின் பெயர், அன்பளிப்பு வரிகள், உள்ளே செருகிய கடிதங்கள் எதையும் பொதுவில் போடவும் வேண்டாம். கடிதம் இருந்தால் வீட்டாரிடம் திருப்பிக் கொடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின்

கொழும்பில் வாங்கி உதயதேவி ரயிலில் வருகிறவர்கள் தட்டுகளை நிமிர்த்தி, காலடியில் நிழல் பக்கமாக வையுங்கள். மேல் தட்டில் படுக்கையாகப் போட்டு அதன்மேல் இன்னொருவரின் பை ஏறினால் மட்டக்களப்பு வரும்போது கிண்ணமாகியிருக்கும். சென்னைக்குப் போகிறவர்கள் பழைய சாமான் சந்தையான மூர் மார்க்கெட் எங்கே என்று கேட்டால் 1985இல் எரிந்ததைச் சொல்வார்கள். கடைகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்தில் இருக்கின்றன.

வைனிலைக் கழுவ, காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றிரண்டு துளி, மென்மையான துணி. பள்ளத்தின் வழியே சுற்றித் துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள், லேபிள் நனையக் கூடாது. பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்து நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பும் சுண்ணாம்பும் பள்ளத்தில் படியும். 78 சுற்றுத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். பழைய காகித உள்ளுறையை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள், பூஞ்சணம் அதில்தான் குடியிருக்கிறது. வெளியுறையை எறிய வேண்டாம்.

புத்தகத்தை வந்த அன்றே மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். முற்றத்து நிழலில், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியையும் பூஞ்சணத்தையும் வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். வெயிலில் காயப்போட்டால் தாள் முறுகிவிடும். பூச்சி சந்தேகம் என்றால் நன்றாகக் காய்ந்தபின் பொலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். தட்டுகளுக்கு இதைச் செய்யக்கூடாது. நப்தலின் உருண்டையைத் தட்டு அலுமாரியில் போடவும் வேண்டாம். கிழிந்த இடத்துக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பழுப்பாகி எழுத்தையும் தின்றுவிடும்.

அலுமாரியைச் சுவரில் இருந்து நான்கு விரல் தள்ளி, நிலத்தில் இருந்து ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். கடலுக்கு அல்லது வாவிக்குக் கிட்ட வீடு என்றால் அரியவை மேல்தட்டில், கனமானவை கீழ்த்தட்டில் என்ற வழமையோடு நிற்காமல், அரியவற்றைத் தண்ணீர் எட்டாத நடுத்தட்டுக்கு மேல், கூரை ஒழுக்குக்குக் கீழே வராத பக்கத்தில் வையுங்கள். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பெயர், வருடம், எந்த ஊரில், என்ன விலை, என்ன குறை, தட்டென்றால் வளையத்து இலக்கம். அந்தப் பட்டியலின் படம் ஒன்று கைபேசியில் இருக்கட்டும். ஒரே கும்பாபிஷேக மலரை மூன்றாம் தரம் வாங்காமல் இருக்க அது உதவும்.